பனைத்துறைக் கட்டடங்கள் மண்டியிட்ட வருஷம்

முதலில் மண்டியிட்டது தாலுகா அலுவலகம்தான்.

அன்று வியாழக்கிழமை. உப்பளத்துப் பக்கமிருந்து பிசுபிசுத்த காற்று வீசிக்கொண்டிருந்தது. மாற்றுத்திறனாளிகளின் அடையாள அட்டையைப் புதுப்பிக்கும் முகாம் தாலுகா அலுவலக மாடியில் நடக்கும் என்று பனைத்துறை முழுக்க ஆட்டோவில் அறிவித்திருந்தார்கள். அறிவித்த குரல் எப்சிபாவின் குரல். லிங்கம் அண்ணாச்சியின் சவுண்ட் சர்வீஸ் கடையில் உட்கார்ந்து அவள் பேசிக் கொடுப்பதை ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகக் கொண்டுபோகும். ஜவுளிக்கடைத் தள்ளுபடியும் கோயில் கொடைவிழாவும் தண்ணீர் வராத நாளும் இறந்தவர் பெயரும் அந்தக் குரலில்தான் ஊருக்குத் தெரியும், ஊரில் அது நுழையாத ஜன்னல் கிடையாது. ஆனால் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி, இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு காலும் சூம்பிப்போய், கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில் முப்பத்தாறு வருஷத்தில் பாதியைக் கழித்தவள், ஏறாத மாடிகளை எண்ணத் தொடங்கினால் ஊரையே எண்ண வேண்டியிருக்கும். ‘மாடியில்’ என்ற சொல்லை மைக்கில் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்ததால் அண்ணாச்சி பதிவை நிறுத்திவிட்டு மறுபடியும் பேச வைத்தார்.

படிக்கட்டின் அடியில் பெரிய கூட்டம். ஊன்றுகோல்காரர்கள் ஊன்றுகோலைத் தோளில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகப் பின்னால் ஏறினார்கள். பார்வையில்லாத ஒருவர் முன்னால் போனவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வளர்ந்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் ஏறினாள், மகளின் கால்கள் தாயின் முழங்காலைத் தாண்டித் தொங்கின. கீழே வந்த ப்யூன் எப்சிபாவின் வண்டியைப் பார்த்தார்.

“அஞ்சு நிமிசம் பொறும்மா. ரெண்டு பேரு வந்து தூக்கிருவாவ.”

தூக்குகிறவர்களை அவளுக்குத் தெரியும். கால் சூம்பிய நாள் முதலாக அவளைத் தூக்கியிருக்கிறார்கள். அப்பா தூக்கினார், அண்ணன் தூக்கினான், பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் தூக்கினார், பஸ் கண்டக்டர் தூக்கினார், கல்யாண வீடுகளில் முன்பின் தெரியாத ஆண்கள் மூட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்துத் தூக்கினார்கள். எங்கே பிடித்தால் வலிக்கும் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை, எங்கே பிடிக்கக் கூடாது என்று தெரிந்தவரும் அதிகம் இல்லை, எல்லோரும் இறக்கி வைத்ததும் புண்ணியம் சேர்த்த முகத்தோடு கையைத் தட்டிக்கொண்டார்கள். அவளும் ஒவ்வொரு தடவையும் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு தேங்க்ஸ் சொன்னாள். அந்த வியாழக்கிழமை அவள் வாயிலிருந்து தேங்க்ஸ் வரவில்லை.

“என்னைத் தூக்க வேண்டாம்,” என்றாள். “நான் திரும்பிப் போகவும் மாட்டேன். இங்கதான் இருக்கேன்.”

ப்யூனிடம்தான் சொன்னாள். ஆனால் கேட்டது கட்டடம். வெள்ளைக்காரன் காலத்துச் சுவர்கள் ஒரு பெருமூச்சு விட்டன, சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது, பாகனுக்கு யானை முன்னங்காலை மடக்குவதுபோல முன்பக்கத்துத் தூண்கள் மடங்கின, மாடி வராந்தா மெதுவாக இறங்கி வந்து, ஒரு விரல் இடைவெளியும் இல்லாமல், அவள் வண்டியின் முன்சக்கரத்துக்கு எதிரே தரையோடு தரையாக நின்றது. வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த டாக்டர் கையில் பேனாவோடு அவளைப் பார்த்தார்.

“அடுத்தது யாரு?” என்றார்.

“நான்தான்,” என்றாள் எப்சிபா, வண்டியை உள்ளே விட்டாள்.

கீழ்த்தளம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. அதற்குள் இருந்த ரெக்கார்டு ரூம் கிளார்க் மட்டும், கொஞ்ச நேரம் குனிந்து வேலை பார்க்க வேண்டியிருந்தது என்று சாயங்காலம் டீக்கடையில் சொன்னார். அவள் வேலை முடிந்து வெளியே வந்ததும் கட்டடம் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுகிற வயசாளியைப் போல முனகிக்கொண்டு எழுந்து, பழைய உயரத்தில் நின்றுகொண்டது.

அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு இடமாகப் போய் அதையே சொன்னாள். ஜவுளிக்கடைக்குப் போனாள், பட்டுப்புடவை எப்போதும் மூன்றாம் மாடியில்தான் இருக்கும், கண்ணாடிகள் கலகலவென்று சத்தமிட அந்தக் கடை பசுமாடு படுப்பதுபோல் ஒரேயடியாகப் படுத்தது. தியேட்டருக்குப் போனாள், பால்கனி இறங்கி வந்து அவளை ஏற்றிக்கொண்டு படத்தோடு மேலே போனது, இடைவேளையில் முறுக்கு விற்கிறவர் பழக்கதோஷத்தில் படியேறிப் போய்க் காலியிடத்தில் நின்றார். பல் டாக்டரிடம் போனாள், நூலகத்துக்குப் போனாள், சிறுபிள்ளையிலிருந்து படியேற முடியாமல் வெளியில் உட்கார வைக்கப்பட்ட சர்ச்சுக்குப் போனாள், அதன் பாடகர் மேடை தலையைச் சாய்த்து அவளை ஏற்றிக்கொண்டபோது ஆர்கன் வாசித்தவர் ஒரு கட்டையைக்கூடத் தவறவிடவில்லை.

ஊர் பழகிக்கொண்டது. எதற்கும் பழகுகிற ஊர்தான் பனைத்துறை. பேங்கில் நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டினார்கள், ஹோட்டல் மாடியில் சாம்பார் வாளிக்கு மூடி வந்தது, மாடியில் குடியிருந்தவர்கள் எப்சிபாவின் வண்டி மணி கேட்டால் அடுப்பைக் குறைத்துவிட்டுச் சுவரில் கை வைத்துக்கொள்ளப் பழகினார்கள். முழங்கால் வலிக்காரர்களும் மாசமாக இருந்த பெண்களும் மூட்டை தூக்குகிறவர்களும் தாங்கள் போக வேண்டிய கட்டடத்தின் வாசலில் நின்றுகொண்டு, “எப்சிபா அக்கா இந்தப் பக்கம் எப்ப வருவாவ?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். முன்பெல்லாம் அவள் வீட்டுக்கு வராத கல்யாண அழைப்புகள் இப்போது வந்தன. மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் மாடியில் இருக்கிறது என்பதையும் அழைத்தவர்கள் மறக்காமல் சொன்னார்கள்.

பிடிக்காதவர்களும் இருந்தார்கள். அரசாங்கக் கட்டடம் ஒரு பொம்பளைக்காகக் குனிவதாவது என்று ஓர் அதிகாரி கொதித்துப்போய், தூண்களுக்கு இரும்புக் கம்பத்தால் முட்டுக் கொடுக்கச் சொன்னார். மறுநாள் அவள் வந்தபோது கட்டடம் அந்தக் கம்பங்களையும் வளைத்துக்கொண்டு குனிந்தது, வளைந்த கம்பம் கைப்பிடிக்கு வசதியாக இருக்கிறதென்று ஊன்றுகோல்காரர்கள் அதைக் கழற்ற விடவில்லை.

எப்சிபாவுக்கு அலுப்புத் தட்டியது வேறொன்றால். ஒரு வெள்ளிக்கிழமை வண்டியின் கைப்பிடியில் எலுமிச்சம்பழ மாலை தொங்கியது. அடுத்த வாரம் சக்கரத்தில் குங்குமம். மார்க்கெட் முக்கில் ஒருத்தி குறுக்கே விழுந்து அவளுடைய சூம்பிய காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“எந்திங்க,” என்றாள் எப்சிபா. “என் காலைத் தொடாதீங்க, எனக்குக் கூச்சமா இருக்கு. கும்பிட வேண்டாம். வழி விட்டாப் போதும், மீன் வாங்கணும்.”

இத்தனை நாள் பரிதாபப்பட்டு ஓரங்கட்டிய ஊர் இப்போது சாமியாக்கி ஓரங்கட்டப் பார்க்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அதிலிருந்து அவளைக் காப்பாற்றியது ஒரு காய்ச்சல். அவள் படுத்துக் கிடந்த வாரத்தில், மிக்சி ரிப்பேர் செய்கிற காஜா முகைதீன், முகாமில் அவளுக்கு முன்னால் படிப்படியாக உட்கார்ந்து ஏறிய அதே ஊன்றுகோல்காரர், மின்வாரிய அலுவலகத்துக்குப் போயிருந்தார். மறுபடியும் உட்கார்ந்து ஏற மனமில்லாமல் படிக்கட்டின் அடியில் நின்றார். பிறகு அவள் சொன்னதையே சொல்லிப் பார்ப்போம் என்று, “தூக்க வேண்டாம், போகவும் மாட்டேன், இங்கதான் இருக்கேன்” என்று சொன்னார். மின்வாரிய அலுவலகம் மண்டியிட்டது.

அவர் அதைச் சொல்ல நேரே அவள் ஜன்னலுக்கு வந்தார்.

“தங்கச்சி, உன் பேரைக்கூட நான் சொல்லல. என் வாயால சொன்னேன், எனக்குக் குனிஞ்சுது.”

எப்சிபா காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் தாலுகா அலுவலகம் குனிந்தபோதுகூட வந்ததில்லை. காய்ச்சல் விட்டதும் முதல் வேலையாக அண்ணாச்சி கடைக்குப் போய், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஓர் அறிவிப்பைப் பதிவு செய்தாள். அண்ணாச்சி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எழுந்து போய்த் தானே ஆட்டோவை எடுத்தார். அன்று பனைத்துறைத் தெருக்களில் அவள் குரல் எந்தத் தள்ளுபடியையும் சொல்லவில்லை. உள்ளறையில் இருக்கிறவர்களே, பின்கட்டில் இருக்கிறவர்களே, விருந்தாளி வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறவர்களே, இது எனக்கு மட்டும் கிடைத்த வரம் இல்லை, வந்து சொல்லிப் பாருங்கள் என்று சொன்னது.

அவர்கள் வந்தார்கள். இத்தனை பேர் இந்த ஊரில் இருந்தார்களா என்று ஊர் வாயைப் பிளந்தது. பக்கத்து வீட்டில் இருபது வருஷமாகக் குடியிருந்தும் யாரும் பார்த்திராத பெண் வந்தாள், கப்பலில் கையை இழந்தவர் வந்தார், தலை நிற்காத பிள்ளையைத் தொட்டில் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு தகப்பன் வந்தான், வாய் பேசாத சகோதரிகள் வந்து இருவரும் சேர்ந்து கையாலேயே அதைச் சொன்னார்கள், கட்டடங்களுக்குக் கைப்பேச்சும் புரிந்தது. அந்த மாதம் முழுக்கப் பனைத்துறை அலையடிக்கிற கடலைப் போலத் தாழ்ந்தும் எழுந்தும் கொண்டிருந்தது.

ஒரே ஒரு வீடு மட்டும் குனியவில்லை. அது அவளுடைய வீடு.

அவள் அண்ணன் ஜெபசிங் கட்டிய வீடு அது. கூடமும் ஜெப அறையும் நல்ல சோபாவும் மாடியில். கீழே ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில் எப்சிபாவின் அறை. அறைக்கு ஜன்னலும் மின்விசிறியும் உண்டு, அண்ணன் மனைவி கிறேஸ் மயினி ஒரு நாளும் அவளைப் பட்டினி போட்டதில்லை. ஆனால் பண்டிகையும் பிறந்தநாளும் மேலே நடக்கும், கிண்ணத்தில் கேசரி கீழே வரும். எத்தனையோ தடவை அவள் படிக்கட்டின் அடியில் வண்டியை நிறுத்தி, பேசாமல் அண்ணாந்து பார்த்திருக்கிறாள். வீடு கல்லாக நின்றது.

“வீட்டுல சொன்னியா?” என்று ஒரு நாள் காஜா முகைதீன் கேட்டார்.

“வீட்டுலயுமா சொல்லணும்? அவியளுக்குத் தெரியாதா?”

அவர் ஒரு மிக்சி மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் ஏன் சொல்லவில்லை என்பது அவளுக்கே தெரியும். தன் பன்னிரண்டு வயதில் ஜெபசிங் அவளை முதுகில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோனான்; மழையில் சுமந்தான், அவனுக்குக் காய்ச்சல் கண்ட நாளிலும் சுமந்தான், கூட்டாளிகள் பந்து விளையாடக் கூப்பிடக் கூப்பிட அவர்களைத் தாண்டிச் சுமந்தான். அவள் படித்த எழுத்தெல்லாம் அவன் முதுகில் ஏறிப் படித்தது. ஊரில் யாரிடமும் தூக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அந்த முதுகிடம் எப்படிச் சொல்வது?

அண்ணன் மகள் ஜெனிட்டாவுக்கு நிச்சயதார்த்தம் குறித்தார்கள். மாப்பிள்ளை ஆல்வின் நாகர்கோவில் பக்கம், நல்ல குடும்பம். அன்று காலை கிறேஸ் மயினி, பட்டுச்சேலை கட்டித் தலையில் பூவோடு, எப்சிபாவின் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

“எப்சி, அவிய பெரிய இடம். புதுசா வாறாவ. குடும்பத்துல இப்படி இருக்குன்னா நாளைக்குப் பிறக்கப்போற பிள்ளைக்கும் வருமோன்னு நினைச்சிட்டாவன்னா... உனக்குத் தெரியாததா? இன்னைக்கு ஒரு நாள் கதவைச் சாத்திக்க. பலகாரம் அனுப்பி வைக்கேன்.”

“சரி மயினி,” என்றாள் எப்சிபா. பழக்கம்.

கார்கள் வந்தன. செருப்புகள் வாசலில் சேர்ந்தன, படிகளில் பட்டுச்சேலைகள் உரசிக்கொண்டு ஏறின, மேலே நாற்காலிகள் இழுபட்டன, போதகர் ஜெபம் தொடங்கினார். ஜெபத்தில் அவர் இந்த வீட்டார் அனைவரையும் ஆசீர்வதியும் என்றார். கதவுக்குப் பின்னால் இருந்த எப்சிபா அந்த ‘அனைவரையும்’ என்ற சொல்லைக் கேட்டாள். ஊருக்கெல்லாம் வெளியே வாருங்கள் என்று ஆட்டோவில் சொன்னவள் கதவைச் சாத்திக்கொண்டு கேசரிக்குக் காத்திருக்கிறாள் என்று தோன்றியபோது, வெட்கம் அவள் கழுத்துவரை சூடாக ஏறியது. தொட்டில் வண்டித் தகப்பன் இப்போது அவளைப் பார்த்தால் என்ன நினைப்பான்?

கதவைத் திறந்தாள். வண்டியைப் படிக்கட்டின் அடிக்கு விட்டாள்.

“அண்ணே!”

மேலே ஜெபம் நின்றது. ஜெபசிங் படிகளில் ஓடி வந்தான், வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து. அவளைப் பார்த்தான், மேலே பார்த்தான். அவனுக்குள் என்னமோ தளர்ந்தது. வழக்கம்போல முதுகைத் திருப்பி அவள் முன்னால் குனிந்தான்.

“சரி, வா. ஏறிக்க. யாரு என்ன நினைச்சா நினைக்கட்டும். நான் தூக்கிட்டுப் போறேன்.”

நரை கண்ட தலை, பட்டுச்சட்டைக்குள் கூன் விழத் தொடங்கிய முதுகு. எப்சிபா தன் கையை அந்த முதுகின்மேல் வைத்தாள், ஆனால் ஏறவில்லை.

“வேண்டாம் அண்ணே. நீ தூக்கினது போதும். நீ தூக்கினதாலதான் நான் ஆளானேன், அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். ஆனா இனி தூக்க வேண்டாம். நான் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள போகவும் மாட்டேன். இது என் வீடு. இங்கதான் இருக்கேன்.”

அவன் குனிந்தபடியே இருந்தான். வீடு அசையவில்லை. மேலே மாப்பிள்ளை வீட்டார் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தார்கள், கிறேஸ் மயினி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள், ஜெனிட்டா, “அத்தை” என்று கூப்பிட்டுவிட்டுக் கீழே வரப் பார்த்தாள். எப்சிபா கையைக் காட்டி அவளை அங்கேயே நிற்கச் சொன்னாள். அண்ணனின் முதுகு அவள் கைக்குக் கீழே குலுங்கத் தொடங்கியது.

“எனக்கு நீ பாரமா இருந்ததே இல்லட்டி,” என்றான்.

“தெரியும்ணே. எனக்குத்தான் பாரமா இருந்துச்சு.”

அப்போதுதான் வீடு மடங்கியது. ஊரின் எந்தக் கட்டடமும் அவ்வளவு மெதுவாகக் குனிந்ததில்லை. புதிதாகக் குனியக் கற்றுக்கொள்வதுபோல, செங்கல் செங்கலாக யோசித்து யோசித்து, தாம்பாளத்துப் பழங்கள் உருள, போதகர் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, சோபாவில் இருந்தவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் சாய, மாடிக் கூடம் இறங்கி வந்து எப்சிபாவின் முன்னால் தரை தொட்டது. ஜெபசிங் நிமிர்ந்தான். அவள் வண்டியை ஓட்டி, இரண்டு வீட்டாருக்கும் நடுவே போய் நின்றாள்.

“வணக்கம். நான் பொண்ணுக்கு அத்தை. எனக்கு வந்தது போலியோ, அது பரம்பரையா வராது. வேற ஏதாவது கேக்கணும்னா என்கிட்டயே கேளுங்க.”

மாப்பிள்ளையின் அம்மா டோர்காஸ், கழுத்து நிறைய நகையும் கையில் மடக்கிய கைக்குட்டையுமாக இருந்தவள், எப்சிபாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அந்த அம்மாளின் உதடு கோணியது. கிறேஸ் மயினி, போச்சு, எல்லாம் போச்சு என்று முணுமுணுத்தாள். ஆல்வின் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

“அம்மா, சொல்லிருங்கம்மா. நீங்க சொல்லலேன்னா நான் சொல்லுவேன்.”

டோர்காஸ் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, “எனக்கு இன்னொரு பையன் இருக்கான்,” என்றாள். “இவனுக்கு மூத்தவன். பெனயா. பேச்சு குழறும், கை கால் அவன் சொல்லுத பேச்சைக் கேக்காது. நீங்க பொண்ணு தர மாட்டியளோன்னு பயந்து கார்லயே விட்டுட்டு வந்திருக்கோம். முக்குல, புளியமரத்தடியில கார் நிக்கி. டிரைவர் கூட இருக்கான்.”

பிறகு கிறேஸ் மயினி, அன்று காலை ஒரு கதவு வாசலில் நின்று பேசியவள், உருண்டு கிடந்த ஆப்பிள் ஒன்றை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, “வெயில்லயா வச்சிருக்கிய?” என்றாள். அழுகையும் கோபமும் சேர்ந்த குரல். “கூட்டிட்டு வாங்க. மொதல்ல கூட்டிட்டு வாங்க.”

ஆல்வின் ஓடினான். ஜெனிட்டா பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனுக்குப் பின்னாலேயே ஓடினாள்; இன்னும் நிச்சயமாகாத பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து தெருவில் ஓடுவதைப் பார்த்து எதிர்வீட்டார் வாசலுக்கு வந்தார்கள். எப்சிபா கூடத்துக்குள் வந்துவிட்டதால் வீடு இனி எழுந்துவிடும் என்று எல்லோரும் நாற்காலிக் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். வீடு எழவில்லை. முழங்காலைத் தரையில் ஊன்றியபடி, வாசலைத் தெருவைப் பார்த்துத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே இருந்தது.

காரிலிருந்து சக்கர நாற்காலியில் பெனயா வந்தான். வெள்ளைச் சட்டை, அழகாகச் சீவிய தலை. யாரோ ஒருவர் அன்று காலையில் அவனையும் விசேஷத்துக்குத்தான் அலங்கரித்திருந்தார். நாற்காலியை ஜெனிட்டா தள்ளிக்கொண்டு வந்தாள். கூடத்தின் விளிம்பில் அவன் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான். எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். வாய் ஒரு பக்கம் இழுக்க, ஒவ்வொரு எழுத்தாக மல்லுக்கட்டி அவன் ஒன்று சொன்னான். டோர்காஸ் அதை மற்றவர்களுக்குச் சொல்ல வாயெடுத்தாள்.

“நீங்க சொல்ல வேண்டாம்,” என்றாள் எப்சிபா. “அவரே சொல்லட்டும். எங்களுக்கு அவசரம் இல்ல.”

அவன் மறுபடியும் சொன்னான். இந்த முறை போதகர் முதல் சமையல்காரர் வரை எல்லோரும் குனிந்து கேட்டார்கள், எல்லோருக்கும் புரிந்தது.

“மோதிரம்... நான்தான்... எடுத்துக் கொடுப்பேன்.”

“நீங்கதானே மூத்தவரு, வேற யாரு கொடுப்பா?” என்றான் ஜெபசிங், கண்ணைத் துடைத்துக்கொண்டு, விலகி வழி விட்டான்.

நாற்காலியின் பின்சக்கரம் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. அதன் பிறகே வீடு எழுந்தது. அவ்வளவு பேரையும், மூன்று சக்கர வண்டியையும் சக்கர நாற்காலியையும், பழங்களையும் பூக்களையும், அழுதவர்களையும் சிரித்தவர்களையும் சுமந்துகொண்டு ஒரு குலுக்கல் இல்லாமல் எழுந்தது. உச்சிக்கு வந்தபோது மாடி ஜன்னலில் உப்பளங்களுக்கு அப்பால் கடல் தெரிந்தது. அந்த ஜன்னலிலிருந்து கடல் தெரியும் என்று எப்சிபாவிடம் யாரும் சொன்னதில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருக்க, பெனயா நடுங்கும் விரல்களால் மோதிரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தான், வெகுநேரம் எடுத்தான், ஒருவரும் உதவிக்குப் போகவில்லை.